மஞ்சள் புட்டியின் நுரை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளத்துக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும் அது பயன்பட்டது. வாரா வாரம் எலிகளுக்கு எடை பார்ப்பவள் அவள்தான். அவள் பார்த்த எடையை வேறு யாரும் மறுபடி பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. "தராசு சொல்லிடுச்சா? அப்போ சரி" என்று விட்டுவிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

என்ன ஆராய்ச்சி என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவள் அடுப்பிலிருந்து தொடங்குவாள். உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி அடுப்புகள் இருக்கின்றன. தின்ற சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தியாக்குவது அவைதான். அந்த அடுப்புகளுக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் மரபணு உண்டு, அதுவும் அம்மா வழியாக மட்டும் வருவது. இந்த இடத்தைச் சொன்னபோது மாமியார், "அப்போ எம் பையனோட சுறுசுறுப்பு மொத்தமும் என்னோடதுன்னு சொல்லு" என்றார். பையன் அப்போது சோபாவில் படுத்திருந்தான்.

அந்தச் சொந்த மரபணுவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு சில குட்டிப் பெப்டைடுகளும் தயாராகின்றன என்று பிற்பாடுதான் தெரியவந்தது. பெப்டைடு என்றால் புரதத்தின் சின்னத் துண்டு, சில அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் ஒன்று அடுப்பை விட்டு வெளியே கிளம்பி, ரத்தத்தில் ஏறி, தசைகளிடம் போய், "சர்க்கரையை எடுத்து எரி, சேர்த்து வைக்காதே" என்று சொல்வதுபோலத் தெரிந்தது. 'போலத் தெரிந்தது' என்பதற்கும் 'தெரிந்தது' என்பதற்கும் நடுவில் இருந்த இடத்தில்தான் மேடம் தன் பாதி ஆயுளைக் கழித்திருந்தார்.

மேடம் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. கண்டிப்பானவர். ஒரு எண்ணைச் சொன்னால் "எப்படித் தெரியும்?" என்பார், விளக்கிச் சொன்னால், "அது எப்படித் தெரியும்?" என்பார். இந்த முறை அவருக்கு வேறு வழியும் இல்லை. நிதி கொடுக்கும் வாரியம் பொறுமை இழந்துவிட்டது. இந்த ஒரு ஆய்வில் பெப்டைடு வேலை செய்கிறது என்று காட்டினால் ஆய்வுக்கூடம் தொடரும். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். மேடமும் தராசும் ஊசிக்காரரும் வேறு வேலை தேடவேண்டும். பெப்டைடைத் தேட ஆளிருக்காது.

ஊசிக்காரர் என்பவர் எலிகளுக்கு ஊசி போடுபவர், நடுவயதுக்காரர். எலி தன்னைத்தான் குத்தினார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் கூண்டுக்குத் திரும்பியிருக்கும். அவ்வளவு பதமான கை.

ஆய்வு எளிமையானது. எல்லா எலிகளுக்கும் கொழுப்புத் தீனி. பாதி எலிகளுக்குப் பெப்டைடு ஊசி, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. எதற்கு எது என்று இந்த மூவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கையும் கண்ணும் ஒருபக்கம் சாயும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதனால் மேல்மாடியில் இருந்த மருந்தாளர் இரண்டு வகையையும் தனித்தனியே கலந்து, புட்டிகளில் ஊற்றி, ஒன்றுக்கு மஞ்சள் நாடாவும் ஒன்றுக்கு நீல நாடாவும் ஒட்டி அனுப்புவார். எலிக் கூண்டுகளிலும் அதே நிற நாடாக்கள் இருந்தன. எது எது என்பது அவர் மனதுக்குள் மட்டும் இருந்தது. மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலே பிடி கொடுக்காத மனிதர். அவர் வாயைப் பிடுங்க முயன்று யாரும் ஜெயித்ததில்லை.

முதல் வாரமே அந்தச் சங்கடம் நடந்தது. ஊசிக்காரர் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கினால் பெப்டைடு கெட்டுவிடும், உருட்டத்தான் வேண்டும். நீலப் புட்டியை வைத்தபோது ஓரத்தில் இரண்டு குமிழ் வந்து உடைந்தது. மஞ்சள் புட்டியை வைத்தபோது கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக நுரை கட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

பெப்டைடு, புரதம் எது கலந்தாலும் தண்ணீர் நுரைக்கும். வெறும் உப்புத் தண்ணீர் நுரைக்காது. இது தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் வாசல் காவலர் ஒருவராகத்தான் இருக்கும்.

தராசு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, நான் மட்டும்தான் பார்த்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சொல்லலாமா என்றும் நினைத்தாள். சொன்னால் ஆய்வு அன்றைக்கே செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு வாரியம் சம்மதிக்காது. நான் நேர்மையாக இருந்தால் போதாதா, எடை என்ன என் சொல்லைக் கேட்டா ஏறி இறங்கப்போகிறது? இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எலிகளை எடை பார்க்கப் போனாள்.

அதன்பிறகு அவள் காட்டிய நேர்மை கொஞ்சநஞ்சமல்ல. மஞ்சள் கூண்டைத் தொடும்போது மூச்சைக்கூட அளந்து விட்டாள். எலிகள் தராசுத் தட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவை குதிக்கக் குதிக்க எண்ணும் ஏறி இறங்கும். எண் நிலைத்தது என்று தோன்றும் கணத்தில் அவள் பொத்தானை அழுத்திப் பிடிப்பாள். குதிக்கும் எலியின் சராசரி எடையைத் தானாகவே கணக்கிட அந்த எடைக்கருவியில் இன்னொரு பொத்தான் இருந்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை. தன் விரல்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வாரங்கள் போகப் போகக் கணக்கில் மஞ்சள் எலிகள் நீல எலிகளைவிட எடை குறைந்தவையாகத் தெரியத் தொடங்கின. சர்க்கரை அளவும் மஞ்சளுக்குக் குறைந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் மேடம் நடைபாதையில் போகும்போது ஏதோ பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். ஊசிக்காரர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டார்.

நீலத்தில் ஒரே ஒரு எலி மட்டும் விசித்திரமாக இருந்தது. மற்றவற்றைப்போலவே கொழுப்புத் தீனியைத் தின்றது, ஆனால் சதையே போடவில்லை. ஓயாமல் ஓடும். எடை பார்க்க எடுத்தால் தராசின் கையுறை வழியாக ஏறி முழங்கைவரை போய் அங்கிருந்து எட்டிப் பார்க்கும். அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியம் இருந்தது. மேடம் வந்து பார்த்தார். "மருந்து இல்லாம இந்தத் தீனியைத் தின்னுட்டு இப்படி இருக்காது. இதுக்கு உடம்பு ஏதோ சரியில்லை. எடுத்துடுங்க" என்றார். ஊசிக்காரர் தன் பதமான கையால் அதை நிரந்தரமாகத் தூங்கவைத்தார். 'மருந்து இல்லாமல்' என்று மேடம் சொன்னது தராசின் காதில் விழுந்தது; விழுந்ததோடு சரி.

ஆய்வு முடிந்து, மருந்தாளர் வாய் திறக்கவேண்டிய நாள் வந்தது. ஊசிக்காரர் ஒரு கேக் வாங்கி வந்திருந்தார். மேடம் திரையில் இரண்டு கோடுகளைப் போட்டுக் காட்டினார்; நீலம் ஏறிக்கொண்டே போக, மஞ்சள் அடக்கமாகக் கீழேயே நடந்தது. மருந்தாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. மஞ்சள் எது?" என்றார் மேடம். கேட்ட குரலிலேயே பதில் இருந்தது.

"உப்புத் தண்ணி."

கேக் வெட்டக் கத்தியை எடுத்த ஊசிக்காரரின் கை பாதியில் நின்றது.

"நீலம்தான் பெப்டைடு" என்றார் மருந்தாளர், புரியாதவர்களுக்குச் சொல்வதுபோல.

"சார், நீங்க மாத்திச் சொல்றீங்க" என்றார் ஊசிக்காரர்.

"நான் மாத்திச் சொல்றவனா?"

தராசு திரையிலிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். அப்படியானால் மஞ்சள் ஏன் நுரைத்தது? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டால், நுரையை நீ எப்போது பார்த்தாய், பார்த்துவிட்டு இவ்வளவு நாள் எப்படி எடை போட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள். ஊசிக்காரரும் "ஆனா..." என்று தொடங்கி, கேக்கை வெட்டிவிட்டார்.

மேடம் திரையை அணைத்தார். பிறகு, "அப்போ மருந்து வேலை செய்யல. செய்யலைங்கறதுகூட இல்ல, எலியைக் குண்டாக்குது. வாரியத்துக்கு அப்படியே எழுதிடறேன். கூண்டெல்லாம் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு வேணுமாம். நாளைக்குக் காலையில எலிகளை முடிச்சிடுங்க" என்றார். குரல் உடையவில்லை, ஆனால் கேக்கைத் தட்டோடு கையில் வைத்திருந்தவர் தட்டோடே வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் எடை பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். எடை குறையாவிட்டால் இனி ஊசிதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். அதனால் வாரம் ஒருமுறை குளியலறை வாசலில் இந்தச் சடங்கு நடக்கும். செருப்பைக் கழற்றினார். சுவெட்டரைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மகன் கையில் கொடுத்தார். உள்ளே இருந்த காற்றையெல்லாம் ஊதி வெளியே விட்டுவிட்டு எடைப் பொறிமேல் ஏறி, ஒரு கையால் கதவின் கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ பாரும்மா. இப்போ பாரு, இறங்குது. ஆங், இப்போ!"

முள் ஆடியது. வழக்கமாக அவள், "குறைஞ்சிருக்கு அத்தை" என்று அந்த 'ஆங்'கில் இருந்த எண்ணைத்தான் படிப்பாள். படிக்கும்போது சந்தோஷமாகவும் இருக்கும். அன்றைக்கு வாய் வரவில்லை. முள் ஏறி இறங்குவதையும், எப்போது பார்க்கவேண்டும் என்று மாமியார் சொல்வதையும், தன் வலது கைப் பெருவிரல் தானாக எதையோ அழுத்த மடங்குவதையும் பார்த்தாள்.

மஞ்சள் எலி குதித்தபோதெல்லாம் அவள் எண் இறங்கும்வரை காத்திருந்தாள். நீலம் குதித்தபோது ஏறியதும் அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் 'நிலைத்துவிட்டது' என்று மனதார நம்பித்தான் அழுத்தினாள். ஆய்வுக்கூடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாருமல்ல, அவள்தான்.

"என்னடி, வாயடைச்சுப்போய் நிக்கறே? ஏறிடுச்சா?" என்றார் மாமியார் பயத்தோடு.

"கைப்பிடியை விட்டுட்டு நில்லுங்க அத்தை."

"விட்டா விழுந்துட மாட்டேனா?"

"நான் பிடிச்சுக்கறேன்" என்றாள், சொன்னபின்தான் அதுவும் அதே தப்பு என்று அவளுக்கு உறைத்தது. "இல்ல, நானும் பிடிக்கல. சும்மா நில்லுங்க."

மாமியார் அவளை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். முள் மேலே போய் நின்றது. அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கணவன் மட்டும், "உனக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டு வைத்தான்.

காலையில் அவள் போனபோது ஊசிக்காரர் எலி அறையில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். மேடம் சுவரோரமாக நின்றிருந்தார். கடைசி மரியாதைக்கு வந்தவர்போல இருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க" என்றாள் தராசு. வேலை போகும், பெயர் போகும், இனி எந்த ஆய்வுக்கூடத்திலும் அவள் சொன்ன எண்ணை நம்பமாட்டார்கள். ஆனால் இந்த எலிகள் போய்விட்டால் பெப்டைடைப் பற்றி மிஞ்சப்போவது அவள் விரல் எழுதிய பொய் ஒன்றுதான். "மேடம், எனக்கு முதல் வாரமே தெரியும். தெரியும்னு நினைச்சேன். மஞ்சள் நுரைச்சுது. அதான் மருந்துன்னு நினைச்சு அதுக்கு இறக்கி எடை போட்டிருக்கேன். வேணும்னு செய்யல. ஆனா செஞ்சிருக்கேன்."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "எப்படித் தெரியும்?" என்றார். பழக்கதோஷம்.

"எங்க அத்தை எடை பாக்கறதைப் பாத்தேன் மேடம்."

மேடம் இதைப் புரிந்துகொள்ள முயன்று, விட்டுவிட்டார். மருந்தாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து நுரை என்ற சொல்லைக் கேட்டதும் முதல்முறையாக முகம் மலர்ந்தார்.

"பெப்டைடு லேசா நுரைக்கும். நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் உப்புத் தண்ணியிலயும் எலி ரத்தத்துல இருக்கற சாதாரணப் புரதத்தைக் கொஞ்சூண்டு போட்டேன். அதால எலிக்கு ஒன்னும் ஆகாது. ரெண்டும் ஒரே மாதிரி நுரைக்கட்டும்னுதான்."

"ஒரே மாதிரி நுரைக்கல சார்" என்றாள் தராசு.

மருந்தாளர் யோசித்தார். "கை கொஞ்சம் தாராளமா போயிடுச்சோ என்னவோ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் பழையபடி மூடிக்கொண்டது.

எலிகளை மறுபடி எடை போடுவது என்று முடிவாயிற்று. யார் போடுவது என்பதில்தான் சிக்கல். அந்த அறையில் இருந்த நால்வருக்கும் எல்லாம் தெரியும். கடைசியில் எதிர் ஆய்வுக்கூடத்தில் பாசியை ஆராயும் செடிக்காரரை அழைத்துவந்தார்கள். அவருக்கு எலியும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. மருந்தாளர் கூண்டுகளின் நாடாக்களை மறைத்து, தன் மனம்போன வரிசையில் எண் எழுதி ஒட்டினார். மற்ற மூவரையும் எலி அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

செடிக்காரர் எலியைத் தொடவே பயந்தார். ஒவ்வொன்றையும் இடுக்கியால் வாலைப் பிடித்து ஒரு மூடி போட்ட ஜாடிக்குள் இறக்கி, ஜாடியைத் தராசில் வைத்தார். பிறகு தராசைக் குனிந்து பார்த்து, ஓரத்தில் இருந்த எழுத்துகளைப் படித்து, யாரும் தொடாத அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கருவி தானே கணக்கிட்டுத் தானே சொன்னது. கண்ணாடிக்கு வெளியே நின்ற தராசுக்கு, தன் பெயரை யாரோ உரக்கக் கூப்பிட்டதுபோல முகம் சுட்டது.

எல்லாம் முடிந்ததும் மருந்தாளர் வெளியே வந்தார். "நீலம் இளைச்சுதான் இருக்கு" என்றார். "ரொம்ப இல்ல. ஆனா இருக்கு."

பெப்டைடு வேலை செய்திருந்தது. கொஞ்சமாக, சத்தமில்லாமல், சொன்னபடியே. இவர்கள்தான் கண்ணும் கருத்துமாக அதற்கு எதிராக வேலை செய்திருந்தார்கள். பெப்டைடு செய்த வேலை சின்னது. அவள் விரல் செய்தது அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"ஆனா சர்க்கரையும் மஞ்சளுக்குத்தானே குறைஞ்சுது? அது தராசு பாத்தது இல்லையே" என்றார் மேடம்.

ஊசிக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்குத் தலைச்சாயம் நெற்றியோரம் லேசாகக் கசிந்திருந்தது. "சர்க்கரை பாக்கற அன்னைக்குக் காலையில தீனியை எடுக்கணும் இல்லையா மேடம். நான் முதல்ல மஞ்சள்ல எடுத்துட்டு, போய் டீ குடிச்சிட்டு வந்துதான் நீலத்துல எடுப்பேன். அதுங்க அதுவரைக்கும் தின்னுட்டு இருக்கும்."

"எப்பவும் அப்படியா?"

"எப்பவும்தான். நானும் நுரையைப் பாத்தேன் மேடம். நான் மட்டும்தான் பாத்தேன்னு நினைச்சேன்."

தராசுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதையும் காட்டாமல் மேடத்தைப் பார்த்தாள். இப்போது திட்டு விழும், நியாயமாக விழும் என்று எதிர்பார்த்தாள். மேடம் இருவரையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக நீலக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூண்டில் மற்றவற்றைவிட ஓர் எலி குறைவாக இருந்தது.

"வாரியத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதறேன்" என்றார். "மறுபடி செய்ய விடுங்கன்னு கேக்கறேன். விடுவாங்களோ மாட்டாங்களோ. விட்டா, நாம மூணு பேரும் எலியைத் தொடக்கூடாது."

"சரி மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் வாரம் ஊசிக்காரர் புட்டியை உருட்டியபோதும் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாமலும் மேடத்துக்குக் கிட்டத்தில் நன்றாகவே தெரியும். பொடி எழுத்தைக்கூட அதைக் கழற்றிவிட்டுத்தான் படிப்பார். இது தராசுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்த ஒல்லி எலி" என்றார் மேடம். "உன் கையில ஏறி ஓடுமே. மருந்து இல்லாம அப்படி இருக்காதுன்னு சொன்னேனே."

"ஆமா மேடம்."

"அதுக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பெருவிரல் மடங்கியது. அதை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆமா மேடம். எல்லாத்தையும்விட அதுதான் நல்லா இருந்துச்சு."

மேடம் தலையாட்டினார். ஊசிக்காரர் கையுறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, எங்கே போடுவது என்று தெரியாமல் பையிலேயே வைத்துக்கொண்டார்.